கத்தியின் நிறமும் பதமும்

சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு மடக்குக் கத்தியை நாம் நெடுங்காலமாகப் பேனாக்கத்தி என்றே அழைத்து வருகிறோம். இறகுப் பேனாவின் நுனியைச் சீவுவதற்கென்று பிறந்த கருவி அது. இறகும் போயிற்று, மைக்கூடும் போயிற்று. கத்தி மட்டும் பழைய பெயரோடு நிலைத்து நிற்கிறது. பென்சில் சீவுவதற்கும், மாம்பழம் நறுக்குவதற்கும், பார்சல் கட்டிய கயிற்றை அறுப்பதற்கும் உதவுகின்ற இக்கருவியின் அலகுக்கு வீட்டிலேயே நாம் விரும்பிய நிறத்தை ஊட்டுவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அலகுதான் வெள்ளியைப்போல் பளபளக்கிறதே, அதற்கு நிறம் எதற்கு என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். அழகு ஒரு காரணம். கடையில் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்த கத்திகளுள் ஒன்று, நம் கைப்பட்டு நிறம் மாறிய பின்னர், வேறு எவரிடமும் இல்லாத ஒரு கத்தியாகிவிடுகிறது. மற்றொரு காரணம் பயன். சில வகை எஃகின்மேல் நாமே முன்கூட்டி ஒரு கரும்படலத்தைப் படியவிட்டால், செந்துரு அதன்மேல் எளிதில் கால் ஊன்றுவதில்லை. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. எல்லாவற்றிலும் அழகான நிறத்தைத் தருவது எந்த முறையோ, எவருக்கும் முதலில் தோன்றுவது எந்த முறையோ, அதுவே கத்தியைக் கெடுக்கும் முறையும் ஆகும். ஆதலால் அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நன்றாகத் துலக்கிய எஃகுத் துண்டு ஒன்றை மெல்லச் சூடாக்கிப் பாருங்கள். செக்கச் சிவக்கும் நிலைக்கு வெகு முன்னரே அதன்மேல் நிறங்கள் ஊர்ந்து வருவதைக் காணலாம். ஏறத்தாழ 220 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோலின் வெளிர்மஞ்சள் தோன்றும். 240-ஐ ஒட்டி அம்மஞ்சள் அடர்ந்து பொன்னிறமாகும். 260-க்கு அருகில் பழுப்பு. 280-க்கு அருகில் கத்தரிப்பூ நிறம். 300-ஐ நெருங்கும்போது மயில் கழுத்தின் நீலம். அதற்கு மேலும் சூடேறினால் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிடும். எவரும் சாயம் பூசவில்லை; எஃகே இத்தனை நிறங்களையும் காட்டுகிறது.

இதன் காரணம் இனிமையானது. சூடேறிய எஃகின் புறத்தே காற்றிலுள்ள பிராணவாயு கூடி மிக மெல்லியதோர் ஆக்சைடு படலம் படிகிறது. அதன் பருமன் நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், படலத்துள் நுழைந்து அடியிலுள்ள எஃகில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது, சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முதலில் நீலம் அழிய, எஞ்சுவது மஞ்சளாகத் தெரிகிறது. படலம் சற்றுத் தடித்ததும் பச்சை அழிய, ஊதா தெரிகிறது. மேலும் தடித்ததும் மஞ்சளும் சிவப்பும் அழிய, நீலம் மிஞ்சுகிறது. மழைநாளில் தெருவில் தேங்கிய நீரின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் வானவில் விரிகிறதே, அதுவும் இந்த வித்தைதான். இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், உருப்பெருக்கியால் தாம் கண்டவற்றையெல்லாம் தொகுத்து 1665-இல் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில், மெல்லிய படலங்களின் நிறங்களை ஆராயுமிடத்தே, எஃகு சூடேறும்போது தோன்றும் இந்நிறங்களையும் எடுத்துப் பேசுகிறார்.

கொல்லருக்கோ இது வேடிக்கைக் காட்சியன்று. வெப்பமானி இல்லாத காலத்தில் அவருக்கு அளவுகோலாக இருந்ததே இந்த நிறம்தான். கத்தி அலகைச் செஞ்சூடாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கண்ணாடியைப்போல் கடினமாகிவிடும். கண்ணாடியைப்போல் உடையவும் செய்யும். அந்த முறுக்கைச் சற்றுத் தளர்த்துவதற்காக அதை மீண்டும் மிதமாகச் சூடாக்குவார்கள். இதைத்தான் பதப்படுத்துதல் என்கிறோம். சாதாரணக் கத்தி எஃகுக்குப் பதம் ஏறத்தாழ 180 முதல் 230 டிகிரிக்குள் அமையும். அதாவது வைக்கோல் மஞ்சள் தலைகாட்டும் எல்லையோடு நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நிறத்துக்கும் கடினத்தில் ஒரு பங்கு குறைகிறது. நீலம் வந்த எஃகு சுருள்வில்லுக்கு ஏற்றது, வளைந்தால் நிமிரும். ஆனால் கத்தியின் வாய்க்கு அது ஆகாது. தீட்டினால் கூர் வரும், இரண்டு கயிறு அறுப்பதற்குள் கூர் மடங்கிவிடும்.

கடிகாரம் செய்வோர் சிறு திருகாணிகளைப் பித்தளைத் தூளின்மேல் வைத்துச் சீராகச் சூடாக்கி நீலம் ஏற்றுவதுண்டு. பழைய கடிகாரங்களில் அந்த நீல முட்களையும் திருகாணிகளையும் கண்டு மயங்காதவர் குறைவு. திருகாணி எதையும் அறுக்க வேண்டியதில்லை. ஆகவே அங்கே நீலம் குற்றமாகாது. கத்தியில் குற்றமாகும்.

என் நண்பர் ஒருவரின் தந்தையார் நாற்பதாண்டு காலம் கைவிடாமல் வைத்திருந்த ஒரு பேனாக்கத்தி, அவர் காலத்துக்குப் பின் நண்பரின் கைக்கு வந்தது. அதன் அலகில் புள்ளி புள்ளியாகக் கறை இருந்தது. அதை மறைத்து அழகுபடுத்த எண்ணிய நண்பர், அடுப்பங்கரையில் எரிவாயுச் சுடரின்மேல் அலகைப் பிடித்தார். சுடரின் வெப்பமோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். கத்தியின் வாய் முதுகைவிட மெல்லியதாதலால் அதுவே முதலில் சூடேறும். முதுகில் மஞ்சள் தோன்றுமுன் வாய் முழுதும் நீலமாகிவிட்டது. சில நாள் கழித்து, "பார்ப்பதற்கு மயில்போல் இருக்கிறது, ஆனால் தக்காளித் தோலைக்கூட வெட்ட மறுக்கிறது. நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம். போன கடினம் அதனால் திரும்பாது. நிறம் வெறும் சாட்சிதான். சாட்சியைக் கலைத்தால் நடந்தது நடவாததாகிவிடுமா? அலகை மீண்டும் காய்ச்சித் தோய்த்துப் பதப்படுத்தினாலன்றி அக்கத்தி பழைய கத்தியாகாது. அதற்குப் பிடியைப் பிரிக்க வேண்டும். மெல்லிய அலகு கோணிப்போகவும் கூடும். தந்தையாரின் கை பட்ட பிடி உடைவதை நண்பர் விரும்பவில்லை. கத்தி இப்போது மேசையின்மேல் கடிதம் பிரிக்கப் பயன்படுகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேகமாகச் சுழலும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் கத்தியை அழுத்திப் பிடித்துத் தீட்டும்போதும் இதே கேடு நேர்கிறது. பொறி பறப்பது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வாயின் ஓரத்தில் ஒரு நீலக்கீற்று தெரிந்தால், அவ்விடத்தில் பதம் போயிற்று என்று அறிந்துகொள்க. நொடிக்கொரு முறை அலகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தீட்டும் சாணைக்காரரே கைதேர்ந்தவர்.

ஆக, சூடு வேண்டாம். சூடில்லாமல் நிறம் ஊட்டும் வழி உண்டா? உண்டு; அது நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. வாழைப்பூவும் வாழைக்காயும் அரிந்த இரும்பு அரிவாள்மணை கறுத்துப்போவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் இட்டால் கறுப்பதும் அப்படியே. இக்காய்களிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடி, நீலங்கலந்த கருநிறச் சேர்க்கை ஒன்றை உண்டாக்குகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான். அன்னபேதி இரும்பின் உப்பு, கடுக்காய் துவர்ப்பின் களஞ்சியம். அரிவாள்மணையின் கருமையைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கப் பாடுபடும் வீடுகள் உண்டு. அதை விட்டுவைப்பதே நல்லது என்பது என் கருத்து. அந்தக் கருமை இரும்பைத் தின்னும் துருவன்று. செந்துரு உப்பிப் பொருக்காக உதிர்ந்து அடியிலுள்ள புதிய இரும்பை மேலும் மேலும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். கரும்படலமோ இரும்போடு ஒட்டி நின்று ஓரளவு காவல் செய்யும்.

இதைத் தொடங்குமுன் உங்கள் கத்தி எவ்வகை எஃகு என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பும் கரியும் மட்டுமே முதன்மையாகச் சேர்ந்த கரி எஃகுதான் இம்முறைக்கு இசையும். இன்று கடைகளில் விற்கும் மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவை துருப்பிடிக்கா எஃகாலானவை; அவற்றில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருக்கும். காந்தம் ஒட்டினால் கரி எஃகு, ஒட்டாவிட்டால் துருப்பிடிக்கா எஃகு என்று சிலர் சொல்வதுண்டு. சோற்றுப் பாத்திரத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தலாம்; கத்திக்குப் பொருந்தாது. கத்திக்கு வழங்கும் துருப்பிடிக்கா எஃகும் காந்தத்தில் ஒட்டும். நம்பத்தக்க சோதனை ஒன்று சொல்கிறேன். அலகின் அடியில், பிடிக்கு அருகே, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். சாம்பல் நிறக் கறை விழுந்தால் அது கரி எஃகு. ஒன்றும் விழாவிட்டால் உங்கள் கத்தி குரோமியக் குலத்தைச் சேர்ந்தது.

துருப்பிடிக்கா எஃகுக்குப் பெயர் வந்த கதையிலும் காடிக்கு ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-ஆம் ஆண்டு ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் தேயாதிருக்க ஏற்ற எஃகைத் தேடும் முயற்சியில் இவ்வுலோகத்தை வார்த்தார். அந்நகரத்துக் கத்தித் தொழிலில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர் அதைக் காடியில் சோதித்துப் பார்த்து, கறை படாமை கண்டு, அதற்குக் 'கறையற்ற எஃகு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார். அன்று அவரை வியக்கவைத்த அந்தக் குணமே இன்று நமக்குத் தடையாக நிற்கிறது. காடி அதை ஒன்றும் செய்யாது.

நான் கையாளும் கத்தி பிரெஞ்சு நாட்டின் சாவோய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினல் என்னும் வகை. ஜோசப் ஒப்பினல் என்பவர் 1890-இல் அமைத்த வடிவம் இன்றும் பெரிதும் மாறாமல் வருகிறது. பீச் என்னும் மரத்தாலான பிடி, ஓர் அலகு, திறந்த அலகு தானே மடங்கிவிடாமல் பூட்டும் ஒரு வளையம்; இவ்வளவுதான். அந்த வளையமும் 1955-இல் பின்னர்ச் சேர்ந்ததே. அளவுக்கேற்ப எண் இட்டு விற்கிறார்கள். எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரைச் சென்டிமீட்டர் நீளம். துருப்பிடிக்கா எஃகிலும் கரி எஃகிலும் கிடைக்கிறது. கரி எஃகுக் கத்தியை வாங்கும் பிரெஞ்சுக்காரர் பலர் ஆப்பிளும் பாலாடைக்கட்டியும் அரிந்து அரிந்தே நாளடைவில் அதைக் கருக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அதைவிடச் சிறந்த முறை இல்லை. மெல்லிய படலத்தின் நீலமும் ஊதாவும் ஆங்காங்கே தாமே மலர்ந்து நிற்கும். நம்மவர் மாங்காயும் வெங்காயமும் அரிந்தாலும் போதும். முதல் சில நாள் அரிந்த பழத்தில் சற்று இரும்பு வாடை வீசும். படலம் நிலைத்த பின் அது குறைந்துவிடும்.

பொறுமையில்லாதவர்க்குக் காடி முறை. அங்காடியில் வினிகர் என்று விற்கும் சாதாரண வெள்ளைக் காடியே போதும். அதில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு அசெட்டிக் அமிலம் இருக்கும். வேலையில் முக்கால் பங்கு காடியில் இடுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். படலம் மிக மெல்லியது. அடியிலுள்ள கீறலை அது மறைக்காது, எடுத்துக்காட்டும். ஆகவே 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 800, 1200 என்று படிப்படியாக நயமான தாளுக்கு வந்து, அலகைத் துலக்கவேண்டும். கத்தியைத் திறந்து பலகையின்மேல் மட்டமாகக் கிடத்தி, தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, முதுகிலிருந்து வாயை நோக்கித் தேயுங்கள். வாயிலிருந்து முதுகை நோக்கித் தேய்த்தால் தாளும் கிழியும், விரலும் கிழியும். பிறகு சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பசை போக அசிட்டோன் தோய்த்த பஞ்சினால் துடைக்கவேண்டும். அதற்குப் பின் அலகை விரலால் தொடக்கூடாது. ஒரு விரல் ரேகை பட்டாலும், காடியிலிருந்து எடுக்கும்போது அந்த ரேகை அப்படியே அலகில் எழுதியிருக்கும்.

அலகு அமிழும் உயரமுள்ள கண்ணாடித் தம்ளரில், கைபொறுக்கும் சூட்டில் காடியை ஊற்றிக்கொள்ளுங்கள். கைபொறுக்கும் சூடு பதத்தைத் தொடாது. பதம் கெட இருநூறு டிகிரிக்கு மேல் வேண்டும் என்று முன்னரே கண்டோம். கத்தியைத் திறந்து வளையத்தைப் பூட்டி, அலகு கீழ்நோக்க நிறுத்துங்கள். காடியின் மட்டம் மரப்பிடிக்கு ஒரு விரற்கடை தாழ நிற்கட்டும். மரத்தில் ஈரம் ஏறினால் பிடி ஊதி அலகை இறுகக் கவ்விக்கொள்ளும். பிறகு திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. இரும்புக் கீலுள்ள கத்தியானால் கீலுக்குள் காடி புகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். புகுந்தால் உள்ளிருந்தே துரு கிளம்பும்.

சிறிது நேரத்தில் அலகின்மேல் முத்து முத்தாகக் குமிழிகள் தோன்றும். அமிலம் இரும்போடு சேரும்போது வெளியேறும் ஹைட்ரஜன் வாயு அது. குமிழி ஒட்டிய இடம் வெண்புள்ளியாக நின்றுவிடுமாதலால், அவ்வப்போது கத்தியை மெல்ல அசைத்துக் குமிழிகளை விடுவிக்கவும். கால்மணி நேரம் கழித்து எடுத்து, நீரில் கழுவி, மேலே படிந்த கரிப்பொடியைத் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் இடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால், வெளிர்சாம்பலில் தொடங்கிய நிறம் மழைமேகத்தின் கருஞ்சாம்பலில் வந்து நிற்கும். ஒரேயடியாக இரவெல்லாம் ஊறவிடலாமே என்று நினைக்க வேண்டாம். அமிலம் வாயைத் தின்று மழுக்கும். கடினமான எஃகை அமிலத்தில் நெடுநேரம் வைத்தால் அந்த ஹைட்ரஜன் உட்புகுந்து எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கவும் கூடும். விரைவு கருதி உப்புச் சேர்ப்பதும் தவறு. உப்பு எஃகில் குழி பறிக்கும்.

நீலக்கருமை வேண்டுவோர் காடியோடு தேயிலையைச் சேர்த்துக்கொள்ளலாம். பாலும் சர்க்கரையும் சேராத கடுந்தேநீரை ஆறவிட்டு, அதில் சிறிது காடியை ஊற்றி, அலகை ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால், அமிலம் இரும்பைச் சிறிதே கரைத்துக்கொடுக்க, தேயிலையின் துவர்ப்பு அதைப் பற்றிக்கொண்டு கறுக்கும். வாழைக்காயும் அரிவாள்மணையும் செய்ததைத்தான் இங்கே தேநீரும் காடியும் செய்கின்றன. எனக்கு இந்நிறமே உவப்பு. வெறுங்காடியின் சாம்பலில் சற்று உயிரற்ற தோற்றம் உண்டு.

ஒரே நிறமாக இல்லாமல் கோலம் வேண்டுமென்பார்க்கும் வழி இருக்கிறது. கடுகை நயமாக அரைத்துக் காடியில் குழைத்து, அந்த விழுதை ஒரு குச்சியால் அலகின்மேல் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ இட்டு அரைமணி நேரம் விட்டுக் கழுவினால், விழுதின் ஓரங்களில் கருமை மிகுந்தும் நடுவில் குறைந்தும் ஓர் உருவம் விழும். காற்றும் அமிலமும் ஒருங்கே எட்டுமிடம் ஓரந்தானே. பெயரின் முதலெழுத்தைப் பொறிக்க விரும்பினால், துலக்கிய அலகில் நகப்பூச்சினால் எழுதி உலரவிட்டுப் பிறகு காடியில் இடுங்கள். பூச்சை அசிட்டோனால் போக்கியதும் கருநிலத்தில் வெள்ளெழுத்துத் தெரியும்.

அமிலத்தைக் கொண்டு எஃகின் அழகை வெளிக்கொணர்வது புதிய வழக்கமன்று. தென்னாட்டு உலைகளில் மூசையில் உருக்கி எடுத்துக் கடல்கடந்து சென்ற உருக்கிலிருந்து வாள்கள் அடிக்கப்பட்டன. டமாஸ்கஸ் வாள் என்று பேர்பெற்ற அவற்றின் நீரோட்டம் போன்ற வரிகள், துலக்கிய அலகின்மேல் அமிலம் பட்ட பின்னரே தெளிவாகப் புலப்படும். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் புகழ்பெறுவதற்கு முன்பு, லண்டனில் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் கூடி இந்த உருக்கை ஆராய்ந்தார். எஃகுக் கலவைகளைப் பற்றிய அவர்களது கட்டுரை 1820-இல் வெளிவந்தது. ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வேறு சில முறைகளைப் பற்றியும் கேள்விகள் வரும். மயில்துத்தக் கரைசலில் அலகைத் தோய்த்தால் நொடியில் செம்பு படிந்து செந்நிறமாகும். பள்ளிக்கூடத்துச் சோதனையாக அது மிக நன்று. ஆனால் அந்தச் செம்பு கெட்டியாக ஒட்டுவதில்லை. துணியால் தேய்த்தாலே போய்விடும். மயில்துத்தமோ நஞ்சு. துப்பாக்கி வேலைக்கென்று புட்டிகளில் விற்கும் குளிர்நீலக் கரைசல்களில் செலினியச் சேர்மமும் செம்பின் உப்பும் இருப்பது வழக்கம்; பழம் அரியும் கத்திக்கு அதை நான் ஒருபோதும் பூசமாட்டேன். கொதிக்கும் காரக் கரைசலில் கருமையேற்றும் தொழிற்சாலை முறையும், குரோமிய முலாமும் வீட்டுக்குரியன அல்ல. முன்னதில் ஒரு சொட்டு நீர் தவறி விழுந்தாலும் காரம் சீறித் தெறிக்கும். பின்னதற்கு வழக்கமாகப் பயன்படும் குரோமிய அமிலம் புற்றுநோய்க்கு வித்திடுவது. கடையில் பொன்னிறமாக மின்னும் அலகுகளைக் கண்டு அதை வீட்டில் செய்ய முயல வேண்டாம். அது வெற்றிடக் கலத்துக்குள் டைட்டேனியம் நைட்ரைடு என்னும் பொருளைப் படியவைத்து ஆக்கியது.

அப்படியானால் துருப்பிடிக்கா எஃகுக் கத்தி வைத்திருப்போர் என் செய்வது? அதைச் சூடாக்கி நிறம் வரவழைக்கலாமென்றால், சாதாரணத் துருப்பிடிக்கா எஃகில் வெளிர்மஞ்சள் தோன்றவே 300 டிகிரியை நெருங்கவேண்டும். நீலத்துக்கு 500-க்கும் மேலே போகவேண்டும். நிறம் வந்த இடத்தில் துருவை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். அவர்கள் நிறத்தை விட்டு மெருகை மாற்றிக்கொள்ளலாம். மேலே சொன்னபடி கட்டையில் சுற்றிய உப்புத்தாளில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிடியிலிருந்து முனைவரை, எப்போதும் ஒரே திசையில், ஒரே நீளத்தில் இழுத்து வாருங்கள். முன்னும் பின்னும் தேய்க்கலாகாது. கண்ணாடிபோல் மின்னிய அலகு, பட்டுத்துணியின் அடங்கிய ஒளியைப் பெறும். நடுவில் தாளை நிறுத்தினால் அவ்விடத்தில் ஒரு கொக்கி போன்ற கீறல் விழுந்து உழைப்பெல்லாம் வீணாகும். ஒவ்வோர் இழுப்பும் முனையைக் கடந்து வெளியே போய் முடியட்டும்.

இனிக் காடியிலிருந்து எடுத்த கத்திக்கு வருவோம். ஒரு தம்ளர் நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, அதில் அலகைக் கழுவினால் எஞ்சிய அமிலம் தணியும். நன்கு துடைத்து உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் பிசினாகி அலகை ஒட்டவைக்கும். தேங்காய் எண்ணெய் எளிதில் அப்படி ஆவதில்லை. மறுநாள் தீட்டுக்கல்லில் இட்டு வாயை மட்டும் தீட்டவேண்டும், ஏனெனில் அமிலம் கூரைச் சற்று மழுக்கியிருக்கும். தீட்டியதும் கரிய அலகின் ஓரத்தில் ஒரு வெள்ளிக்கோடு ஓடும். அந்தக் கோட்டுக்குப் படலத்தின் காவல் இல்லை; பழம் அரிந்ததும் அதை உடனே துடைக்காவிட்டால் முதல் செந்துரு அங்கேதான் பிடிக்கும்.